அப்பாவின் ஹெரால்டு: ஏலத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் அப்பா 1969இல் புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், நான்கு கதவு வண்டி, உடுமலைப்பேட்டைக்கு அருகே எங்கள் தோட்டத்து ஷெட்டில் நிற்கிறது. அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கும் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வண்டி ஓடுவது நின்றுவிட்டது. உள்ளூர் புரோக்கர் ஒருவர் ஒன்றே முக்கால் லட்சம் தருவதாகச் சொல்கிறார். ஏலங்களுக்குப் பழைய வண்டி பிடித்துக்கொடுக்கும் இன்னொருவர், புதிதாகப் பெயிண்ட் அடித்து அனுப்பினால் எட்டு லட்சம் வரை போகும் என்கிறார்; பெயிண்ட் செலவு எங்களுடையதாம். அமெரிக்காவில் இருக்கும் தம்பி டிசம்பரில் வருவதற்குள் இதை முடித்துவிடச் சொல்கிறான். ஒரு பழைய பென்ஸ் கார் ஆயிரம் கோடிக்கு மேல் ஏலம் போனதைப் படித்ததிலிருந்து எனக்கும் குழப்பம். என் மகனுக்கு இதில் ஆர்வம் இல்லை. ஷெட்டின் கூரை வேறு ஒழுகுகிறது. ஏலத்துக்கு விடலாமா? அல்லது விற்பதே அப்பாவுக்குச் செய்யும் துரோகமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விற்கலாம். ஏலத்தில் வேண்டாம். பெயிண்ட் அடிக்கவே வேண்டாம். இந்த மூன்றில் மூன்றாவதுதான் அவசரம். பெயிண்ட் அடிக்கச் சொன்ன மனிதர் வண்டியை எடுத்துச் செல்ல நாள் குறித்திருந்தால், இதைப் படித்த கையோடு அவரை அழைத்து நிறுத்திவிடுங்கள். காரணங்களைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

முதலில் அந்த பென்ஸ். நீங்கள் படித்தது 2022 மே மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், மெர்சிடிஸ் நிறுவனத்தின் சொந்த அருங்காட்சியகத்தில் நடந்த ஏலம். விலை 13.5 கோடி யூரோ. 1955இல் செய்யப்பட்ட 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹௌட் கூப்பே என்ற அந்த வண்டியில் உலகில் இருப்பதே இரண்டு. இரண்டும் அதுவரை நிறுவனத்தை விட்டு வெளியே போனதில்லை. ஏலத்துக்கும் அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே வரமுடிந்தது. ஒரு பொருளை எப்படியாவது அடைந்தே தீரவேண்டும் என்று நினைக்கும் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காத இரண்டு பேர், ஒரே நாளில் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஏலம் விலையை ஏற்றும். அப்படி ஒருவர் மட்டும் வந்தால், குறைந்தபட்ச விலையோடு பேச்சு முடிந்துவிடும்.

உங்கள் ஹெரால்டுக்கு அந்த இரண்டு பேர் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். ஆனால் ஏலத்தில் கையைத் தூக்குபவர்கள் அல்லர் அவர்கள். இதைச் சொல்ல, உங்கள் ஷெட்டில் நிற்பது என்ன வண்டி என்று கொஞ்சம் சொல்லவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வண்டி என்பதால் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டிக்கு மூலமான டிரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் மற்ற நிறுவனங்கள் பலவும் பாடியையும், அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸையும் ஒன்றாகவே செய்யத் தொடங்கிவிட்டன. ஹெரால்டோ தனிச் சேஸிஸ் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கிய பாடியோடு வந்தது. அவர்களுக்கு முழு பாடி செய்து கொடுத்துவந்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால் நேர்ந்த கட்டாயம் அது. ஆனால் அந்தக் கட்டாயமே இந்த வண்டியின் வரமாயிற்று. பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்க, எஞ்சின் பக்கத்தில் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். எங்கள் பட்டறையில் பையன்கள் வேலை பழக இதைவிட நல்ல வண்டி கிடையாது.

சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1960களில் இதை இங்கேயே செய்தது. பிறகு இங்கிலாந்துக்காரர்களே செய்யாத ஒன்றையும் செய்தது: நான்கு கதவு ஹெரால்டு. உங்களிடம் இருப்பது அதுதான். தமிழ்நாட்டில், தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் கையால் உருவானது. உலகில் வேறு எங்கும் இந்த உடம்பு செய்யப்படவில்லை. 1971இல் ஹெரால்டு உற்பத்தி நின்று, அடுத்த ஆண்டு அதே 948 சிசி எஞ்சினோடு அந்த நிறுவனத்தின் அடுத்த காரான கெசல் வந்தது.

இந்தச் சிறப்புக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்கான உதிரிபாகங்கள் இன்றும் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. பின்கதவு, அதன் கண்ணாடி, அதன் ரப்பர் ஆகியவை அங்கிருந்து வரவழியில்லை. வேறொரு இந்திய ஹெரால்டைக் கழற்றித்தான் எடுக்கவேண்டும். புரோக்கர் ஒன்றே முக்கால் லட்சம் பேசுவதில் இந்தக் கணக்கும் இருக்கலாம். உங்கள் வண்டியைப் பிரித்து நான்கு வண்டிகளுக்குப் பங்கு போடலாம். அவரை நான் குறை சொல்லவில்லை, அது அவருடைய பிழைப்பு. ஆனால் அவரிடம் கேட்கவேண்டிய கேள்வியை நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை: வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்?

இந்த வண்டியைத் தேடுபவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்துக்காரர்கள். சிறு வயதில் ஹெரால்டில் பள்ளிக்கூடம் போனவர், அப்பாவின் வண்டியை விற்றுவிட்டு நாற்பது ஆண்டுகளாக வருந்துபவர், ஏற்கெனவே ஒரு ஹெரால்டு வைத்திருப்பவர். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளின் அணிவகுப்புகளுக்குப் போனால் அவர்களைப் பார்க்கலாம். இணையவழி ஏலங்களைப் பார்ப்பவர்கள் வேறு வகை. அஸ்தகுரு போன்ற மும்பை நிறுவனங்கள் நடத்தும் பழைய கார் ஏலங்களில் ரோல்ஸ் ராய்ஸ், கேடிலாக், பழைய பென்ஸ் வகை வண்டிகளைத் தேடி வருபவர்கள் அதிகம். உங்கள் தாத்தா ஒரு சமஸ்தானத்திலிருந்து 1930களின் ரோல்ஸை வாங்கி விட்டுச் சென்றிருந்தால், தயங்காமல் ஏலத்துக்கு அனுப்புங்கள் என்றே எழுதியிருப்பேன். அத்தகைய வண்டிக்கு வாங்குபவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவரைத் தேடிப்பிடிக்க ஏல நிறுவனத்தால்தான் முடியும். உங்கள் வண்டியை வாங்கப்போகிறவர் கோவையிலோ ஈரோட்டிலோ இருக்கிறார். அவரைத் தேட மும்பை வழியாகப் போகவேண்டாம்.

இனிப் பணக் கணக்கு. எட்டு லட்சம் என்று சொன்னவர் அதை எழுத்தில் தரமாட்டார். அதை விடுங்கள். வாங்குபவர் ஒருவர் உங்கள் வண்டிக்கு மொத்தம் நான்கு லட்சம் செலவழிக்கத் தயார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏலத்தில் சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவரும் ஏல நிறுவனத்துக்கு ஒரு கட்டணம் கொடுக்கவேண்டும். அது 15 சதவீதம் என்று கொள்வோம். அப்படியானால் அவர் சுமார் 3 லட்சத்து 48 ஆயிரத்துக்கு மேல் கேட்கமாட்டார். விற்பவரிடம் 10 சதவீதம் பிடித்தால் உங்கள் கைக்கு வருவது 3 லட்சத்து 13 ஆயிரம். வாங்குபவர் தருகிறார் என்று சொல்லப்படும் கட்டணமும் உண்மையில் உங்கள் விலையிலிருந்துதான் குறைகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கட்டணங்களின் மேல் ஜி.எஸ்.டி. உண்டு. வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பும் செலவு, பட்டியலில் சேர்க்கவும் புகைப்படம் எடுக்கவும் ஆகும் செலவு ஆகியவற்றை யார் ஏற்பது என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். சதவீதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்கின் போக்கு மாறாது. கோடி ரூபாய் வண்டிக்கு இந்தக் கழிவு தாங்கும். சில லட்ச ரூபாய் வண்டிக்குத் தாங்காது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படும் ஆபத்து, விலைபோகாமல் திரும்புவது. குறைந்தபட்ச விலை ஒன்றை நீங்கள் குறிப்பீர்கள். கேட்பு அதைத் தொடவில்லை என்றால் வண்டி விற்காது. அந்தத் தோல்வி எல்லோர் கண்முன்னும் நடக்கும். பிறகு வீட்டுக்கு வந்து கேட்பவர், 'இரண்டு லட்சத்தோடு நின்றுவிட்டதாமே' என்றுதான் பேச்சைத் தொடங்குவார். என் வாடிக்கையாளர் ஒருவரின் நல்ல வண்டி இப்படித் திரும்பிவந்து, அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் விற்காமலே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வண்டியில் எந்தக் குறையும் இல்லை. தவறான கூட்டத்தின் முன் நிறுத்தப்பட்டது, அவ்வளவுதான்.

பெயிண்டைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பட்டறை தொடங்கிய புதிதில், ஒரு பெரியவர் தன் பழைய ஃபியட்டை விற்றுத் தரச்சொல்லி என்னிடம் விட்டார். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட், வெயிலில் மங்கி, ஓரங்களில் உதிர்ந்திருந்தது. விலை கூடுமே என்று டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பளபளவென்று அடித்துக்கொடுத்தேன். அதுவரை வாங்குவதாக இருந்தவர் வந்து பார்த்துவிட்டு, காந்தம் ஒன்றைக் கதவின் அடிப்பகுதியில் வைத்தார். தகட்டை மூடியிருந்த பட்டியால் அது ஒட்டவில்லை. 'இப்போது உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பெரியவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றும் அது எனக்கு வலிக்கிறது. பழைய பெயிண்ட் ஒரு சாட்சி. இந்த வண்டி அடிபடவில்லை, மடிப்புகளில் துரு மறைக்கப்படவில்லை என்று அது சொல்லும். அந்தச் சாட்சியை அழித்துவிட்டால் திரும்ப வரவழைக்க முடியாது.

உலகச் சந்தையும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2015 பிப்ரவரியில் பாரிஸில் ரோஜர் பயோன் என்ற லாரி தொழிலதிபரின் குடும்பத்துச் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. மேற்கு பிரான்சில் ஒரு பண்ணையில் பல பத்தாண்டுகளாக மறந்துகிடந்த 59 வண்டிகள். அவற்றில் ஒரு ஃபெராரி, பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. அந்தத் தூசியோடுதான் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1.63 கோடி யூரோவுக்குப் போயிற்று. உங்கள் ஹெரால்டு ஃபெராரி ஆகாது. ஆனால் அதை வாங்க வருபவரின் கண்ணும் தூசியைத் தாண்டித்தான் பார்க்கும்.

இப்போது நீங்கள் செய்யவேண்டிய வேலை. இதில் பெரும்பகுதி வண்டியைப் பற்றியதே இல்லை, காகிதங்களைப் பற்றியது. ஆர்.சி. புத்தகம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உரிமையாளர் காலமானால் வாரிசு மூன்று மாதங்களுக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. நீங்கள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டீர்கள். தாமதக் கட்டணம் இருக்கலாம், கதவு அடைபடவில்லை. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் அலுவலகத்து வாரிசுச் சான்றிதழ், தம்பியின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். தம்பி டிசம்பரில் வருகிறார் என்றீர்களே, அவர் வருகையை இதற்குப் பயன்படுத்துங்கள். வண்டியை விற்பதற்கான கெடு அது என்பதை மறந்துவிட்டு, கையெழுத்துக்கான நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் சரியாக இருக்கும் வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம், எந்தப் பெயிண்டும் கொண்டுவராத வித்தியாசம்.

ஆர்.சி. புத்தகத்தில் பதிவு கடைசியாக எந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பானட்டைத் திறந்து, தகட்டில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் பிளாக்கில் அடித்த எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். நம் ஊரில் எஞ்சின் மாற்றி ஓட்டிய பழைய வண்டிகள் ஏராளம். மாற்றியது புத்தகத்தில் ஏறியிருந்தால் கவலையில்லை. எண் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் என்னைப் போன்ற ஒருவரிடமோ ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ கேளுங்கள், விற்ற பிறகு வாங்கியவர் கேட்கும்படி வைக்காதீர்கள்.

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை வந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டிகள் தங்கள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டி வயதால் தகுதி பெறுகிறது. ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் சாலைக்குக் கொண்டுவரலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. ஆகவே இந்த முடிவை வாங்குபவருக்கு விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு பொள்ளாச்சி வரை போய்வர ஆசைப்படுபவராக இருந்தால் அவருக்குச் சாதாரணப் பதிவே வேண்டும். ஒன்று மட்டும் உங்கள் கவனத்துக்கு: இந்த முறைக்கும் வண்டி மூல வடிவம் மாறாமல் இருக்கவேண்டும்.

வருமான வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, தம்பி கேட்பார். நகை மூலதனச் சொத்து; சொந்தப் பயன்பாட்டுக்கான கார் அப்படிக் கருதப்படுவதில்லை; விற்ற லாபத்துக்கு அந்த வகையில் வரி வராது. அப்பாவின் தொழில் கணக்கில் வண்டி காட்டப்பட்டிருந்தால் நிலைமை வேறு. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கவேண்டாம். ஆறு ஆண்டுகள் நின்ற எஞ்சினில் பாட்டரி வைத்துச் செல்ஃப் அடித்தால் காய்ந்த பிஸ்டன் வளையம் சிலிண்டரைக் கீறிவிடும். நல்ல மெக்கானிக் ஒருவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்க்கட்டும். சுற்றினால், உங்கள் விலை அந்த நிமிடமே ஏறுகிறது. டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை இறக்கிவிடவேண்டும். அதற்குமேல் எதையும் செய்யாதீர்கள். பிரேக், டயர், வயரிங் எல்லாம் வாங்குபவர் தன் விருப்பப்படி செய்துகொள்வார். விற்பதற்காக நாம் செலவழிக்கும் பணத்தில் பாதி கூடத் திரும்பி வராது என்பது இத்தனை ஆண்டு அனுபவத்தில் நான் கண்டது.

பிறகு வீட்டுக்குள் தேடுங்கள். 1969இன் பில், கையேடு, டூல்ஸ் பை, பழைய இன்சூரன்ஸ் காகிதங்கள், அப்பா சர்வீஸ் கணக்கு எழுதிவைத்த நோட்டு, திருமணத்திலோ திருவிழாவிலோ வண்டியோடு எடுத்த படங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: முதல் உரிமையாளரே கடைசிவரை ஓட்டிய வண்டி. ஐம்பது ஆண்டுகள் ஒரே கை. இதை மெய்ப்பிக்கும் காகிதங்கள்தான் உங்கள் பேரத்தின் பலம். அவற்றை ஒரு கோப்பில் போட்டு, வண்டியோடு சேர்த்தே கொடுங்கள். படங்களுக்குப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

விலையை எப்படிக் குறிப்பது? கூப்பிட்டு வரவழைத்த புரோக்கர் சொன்னதும், கமிஷனை எதிர்பார்ப்பவர் சொன்னதும் விலை ஆகா. இந்த விற்பனையில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவரை, கட்டணம் கொடுத்து அழைத்து, ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். சேஸிஸின் பக்கக் கைகள், டிக்கியின் தரை, பாட்டரிக்கு அடியில் உள்ள தட்டு: ஹெரால்டில் துரு முதலில் இங்கெல்லாம்தான் வரும். இவை திடமாக இருந்தால், புரோக்கர் சொன்ன விலைக்கு நீங்கள் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அரித்துப்போயிருந்தால், அந்த விலையை நான் இவ்வளவு எளிதாகத் தள்ளியிருக்கமாட்டேன்.

துரோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் தொழிலில் நான் பார்த்த மிக வருத்தமான காட்சிகள் விற்கப்பட்ட வண்டிகள் அல்ல. அப்பாவின் வண்டி, விற்கமாட்டோம் என்று சொல்லி, தென்னை ஓலைக்கு அடியில் நிறுத்திவைத்து, பத்து ஆண்டுகள் கழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டிய வண்டிகள். கதவைத் திறந்தால் கதவு கையோடு வரும். அந்தப் பிள்ளைகள் யாரும் அன்பில்லாதவர்கள் அல்லர். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத அன்பு வண்டிக்குப் போதவில்லை. உங்கள் மகனுக்கு ஆர்வம் இல்லை என்பதை அவர் மீது குறையாக வைக்காதீர்கள். ஓட்டப்போகிற ஒருவர் கைக்கு இதை மாற்றிக்கொடுப்பது, அப்பா ஐம்பது ஆண்டுகள் செய்ததைத் தொடர்வதுதான். ஆசையிருந்தால் வாங்குபவரிடம் ஒரு நிபந்தனை கேளுங்கள்: மறுபடி விற்க நினைத்தால் முதலில் உங்களிடம் சொல்லவேண்டும் என்று. சட்டப்படி பெரிதாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதைக் கேட்டதும் ஒருவர் முகம் எப்படி மாறுகிறது என்பதை வைத்தே அவரிடம் கொடுக்கலாமா என்று தெரிந்துவிடும்.

தம்பிக்கு இந்தப் பக்கத்தை அப்படியே அனுப்புங்கள். பெயர் மாற்றம், பரிசோதனை, ஆள் தேடுதல் எல்லாம் சேர்த்து ஆறு மாதம் ஆகலாம், ஓர் ஆண்டும் ஆகலாம். உங்களுக்குக் கடன் நெருக்கடி எதுவும் இருப்பதாக எழுதவில்லை. பிறகு ஏன் அவசரம்?

பெயிண்டை நிறுத்திவிட்டால், பிறகு அவசரம் ஒன்றே ஒன்றுக்குத்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் ஷெட்டின் கூரையை மாற்றிவிடுங்கள். தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும். பழைய பருத்தி வேட்டிகளே போதும். நான்கு சக்கரங்களையும் தரையிலிருந்து சற்றே தூக்கி, அச்சுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து நிறுத்துங்கள். ஜன்னல்களை விரற்கடை அளவு இறக்கிவைத்து, எலி புகாமல் வலை கட்டுங்கள். பின்கதவு இரண்டின் கண்ணாடியும் ரப்பரும் எப்படி இருக்கின்றன என்று படம் எடுத்து அனுப்பினால், அடுத்த கடிதத்தில் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.